செலவுக் கணக்கில் இடம்பெறாத வேலை

தேர்தல் வேலை என்றால் கொடி கட்டுவதும் மைக் பிடிப்பதும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்த தேர்தல் வேலையில் பாதிக்கு மேல் வாக்காளர் பட்டியலின் மீது குனிந்தபடியே நடந்தது. மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டின் மாடி. தலைக்கு மேலே மின்விசிறி. தாள்கள் பறக்காமலிருக்க மைலோ டின்களைத் தூக்கி வைத்துவிட்டு, பெயர் பெயராகப் பார்த்துக்கொண்டு போவோம்.

பினாங்கு பெருநிலத்தில் எந்த வேட்பாளரும் கேட்கும் முதல் கேள்வி, “நம் ஆட்கள் எத்தனை பேர்?” என்பதுதான். தமிழர் பெயர்களில் ‘இன்னாரின் மகன்’, ‘இன்னாரின் மகள்’ என்பதைக் குறிக்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று இருக்கும் பெயர்களை எண்ணிவிட்டால் விடை கிடைத்துவிடும் என்று புதிதாக வருகிறவர்கள் நம்புவார்கள். கிடைக்காது. வட மாநிலங்களில் சயாமிய வம்சாவளியினரும் அதே ‘ஏ/எல்’ போடுகிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் ‘பின்’, ‘பிந்தி’ என்று இருப்பார்கள். வீட்டில் பேசுவதோ தமிழ். கிறிஸ்தவக் குடும்பங்களில் சிலருக்கு இரண்டும் இராது. அந்தத் தாமானிலேயே (குடியிருப்புப் பகுதியிலேயே) வசிக்கும் ஓர் அக்காவை அழைத்து உட்கார வைத்தால்தான் பட்டியல் பேசத் தொடங்கும். விரலை ஓட்டிக்கொண்டே, “இவர் நம் ஆள். இவர் சயாம்காரர். இந்த அம்மா காலமாகிவிட்டார். இந்தப் பையன் சிங்கப்பூரில் இருக்கிறான், தீபாவளிக்குக்கூட வரவில்லை, இதற்கா வரப்போகிறான்?” என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஓரத்தில் குறித்துக்கொள்வேன். எந்த வீட்டுக்கு யார் போக வேண்டும், எந்தத் தெருவை விட்டுவிடலாம் என்ற முடிவெல்லாம் அந்த ஓரக் குறிப்புகளிலிருந்துதான் பிறக்கும். அந்த அக்காவை யாரும் வியூக வகுப்பாளர் என்று சொன்னதில்லை. “உதவிக்கு வந்த பெண்கள்” என்ற ஒரே வரியில் அவரும் நானும் சேர்ந்தே அடக்கம்.

நான் கட்சி வழியாக இதற்குள் வரவில்லை. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருந்தேன். எந்த ஷிப்டில் எத்தனை பேர், எந்தப் பஸ் எந்தத் தாமானில் எத்தனை மணிக்கு ஆள் ஏற்றும் என்பதெல்லாம் மனப்பாடம். 1972-இல் அங்கே ஏற்றுமதித் தொழில்களுக்கென்று தனி வட்டாரம் திறக்கப்பட்ட காலத்திலிருந்தே பாலம் கடந்தும் பெர்ரி ஏறியும் (பாலம் 1985-இல்தான் வந்தது, அதற்கு முன் பெர்ரி மட்டும்தான்) வேலைக்குப் போன பெண்களின் ஊர் இது. வீடு வீடாகப் போகும் குழுக்களுக்கு ஓர் அட்டவணை போட்டுத் தரச் சொன்னார் தெரிந்தவர் ஒருவர். பழைய அட்டவணையில் எல்லாக் குழுக்களும் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பின. ஐந்து மணிக்குப் பாதி வீடுகளில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும்தான் இருப்பார்கள். பகல் ஷிப்டு பஸ் வந்து சேரவே இரவு எட்டாகிவிடும். நேரத்தை மாற்றினேன். கதவைத் திறப்பவர்களின் எண்ணிக்கை கூடியது. அட்டவணை போட வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன்.

அந்த அறையில் நான் சீக்கிரமே கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஓர் ஆண், “அந்தப் பக்கம் காற்று நமக்குச் சாதகமாக இல்லை” என்று சொன்னால் அது அனுபவம். அதையே நான் சொன்னால், “எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். ஆகவே எதை வைத்துச் சொல்கிறேன் என்பதைக் கையோடு கொண்டுபோகப் பழகினேன். மலேசியத் தேர்தலில் அதற்கு ஓர் அருமையான வசதி இருக்கிறது. ஒவ்வொரு வாக்களிப்பு மையத்திலும் வாக்காளர்களை வயதுப்படி சாலுரான்களாக (தனித்தனி வாக்களிப்பு வரிசைகளாக) பிரிக்கிறார்கள். முதல் சாலுரானில் மூத்தவர்கள், கடைசியில் இளையவர்கள். எண்ணி முடித்ததும் ஒவ்வொரு சாலுரானின் முடிவும் 14-ஆம் பாரத்தில் (படிவத்தில்) எழுதப்பட்டு, முகவர்களுக்கு நகல் தரப்படும். வேட்பாளர்கள் அதை வெற்றி தோல்விக்கான சீட்டாகப் பார்க்கிறார்கள். பழைய பாரங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், எந்தப் பள்ளியில் எந்த வயதுக்காரர்கள் நம்மை விட்டு விலகினார்கள் என்பது தெரிந்துவிடும். ஒரு தோல்விக்குப் பிறகு குப்பைப் பையில் போடப்பட்ட பாரங்களை நான் எடுத்து வைத்துக்கொண்டது இதற்காகத்தான். அடுத்த முறை அவற்றைத் தேடி என்னிடம்தான் வந்தார்கள்.

2022 பொதுத் தேர்தலில் இந்தப் பாரங்களின் பலமும் குறைந்தது. வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18-ஆகியிருந்தது, பதிவும் தானாகவே நடந்திருந்தது; 2018-இல் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. கடைசிச் சாலுரான்களில் இதுவரை வாக்களித்தே இராத பெயர்கள் வந்து குவிந்தன. எந்தப் பழைய பாரத்திலும் அவர்களுடைய தடயம் கிடையாது. எந்தப் பிள்ளை எந்த ஊரில் படிக்கிறது, எது வேலைக்குப் போய்விட்டது என்று தெரிந்தவர்கள் அந்தத் தாமான் அக்காமார்கள்தான். அவர்கள் மதிப்பு கூடியிருக்க வேண்டிய நேரம் அது. கட்சிகளோ டிக்டாக் காணொளி தயாரிக்கப் பையன்களைத் தேடிக்கொண்டிருந்தன. காணொளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காணொளியைப் பார்த்துச் சிரித்த பிள்ளை எந்தத் தொகுதியில் வாக்காளர் என்று கேட்டால் அந்தப் பையன்கள் கூரையைப் பார்த்தார்கள்.

2023 பினாங்கு மாநிலத் தேர்தலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜூலை 29 வேட்புமனுத் தாக்கல், ஆகஸ்ட் 12 சனிக்கிழமை வாக்களிப்பு. நடவடிக்கை அறையின் வெள்ளைப் பலகையில் பிரசார நாட்களுக்குக் கட்டம் போட்டிருந்தார்கள். கடைசிக் கட்டம், ஆகஸ்ட் 11. அதில் சிவப்பு மையில் “மாபெரும் செராமா, இரவு 8” என்று எழுதி இருமுறை அடிக்கோடு; செராமா என்றால் அரசியல் பொதுக்கூட்டம். ஐந்தாறு ஆண்கள் அதைப் பார்த்துத் திருப்தியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, அன்றைக்கு ஆடி வெள்ளி,” என்றேன்.

“அரசியல் கூட்டத்துக்குப் பஞ்சாங்கம் பார்க்கிறீர்களா தங்கச்சி?” என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

பஞ்சாங்கம் பார்க்கத்தான் வேண்டும். அந்தத் தொகுதியில் எங்கள் கவலை முழுவதும் முதல் இரண்டு சாலுரான்களில்தான் இருந்தது. அங்கே வயதான பெண்கள் எங்களுக்கு எதிரானவர்கள் அல்ல. கொண்டுபோய் விட ஆள் இல்லையென்றால் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், அவ்வளவுதான். அவர்களை மறுநாள் காலையில் கிளப்ப வேண்டியவர்கள் அவர்களுடைய மகள்களும் மருமகள்களும். ஆடி மாதத்தின் கடைசி வெள்ளியன்று மாலை அந்த மகள்களும் மருமகள்களும் மாரியம்மன் கோயிலில் இருப்பார்கள். செராமாவுக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே நமக்குப் போடப்போகிற ஆண்கள். மைதானம் நிரம்பும், புகைப்படம் அழகாக வரும், ஒரு வாக்குகூட நகராது.

மறுநாள் ‘ஆடி’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு ஒரு தாள் கொண்டுபோனேன். வாக்களிப்புக்கு முந்தைய மாலை ஆறு முதல் ஒன்பது வரை வீட்டில் இருக்கக்கூடிய வயது வந்த பெண்கள், வட்டார வாரியாக. அருகில் முதல் இரண்டு சாலுரான்களின் பழைய வாக்களிப்பு விகிதம். ஐந்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டார்கள். செராமா புதன்கிழமைக்கு நகர்ந்தது. வெள்ளியன்று பெண்கள் குழு ஒன்பதரை மணிக்கு மேல், கோயிலிலிருந்து வீடு திரும்பியவர்களுக்குத் தொலைபேசியில் அழைத்து, “நாளைக்கு அம்மாவை எத்தனை மணிக்குக் கூட்டிப்போகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டது. “யாருக்குப் போடுவீர்கள்?” என்று கேட்கக் கூடாது, கோயில் வளாகத்தில் கட்சிப் பேச்சே கூடாது என்று தாளின் தலையிலேயே எழுதியிருந்தேன். சனிக்கிழமை காலை முதல் சாலுரானின் வரிசை பத்து மணிக்கே பள்ளி வாசலைத் தாண்டி நின்றது.

பஞ்சாங்கம் தோற்றது, அட்டவணை ஜெயித்தது. இதைப் பெருமையாகச் சொல்கிறேனா, புகாராகச் சொல்கிறேனா என்று கேட்டால் இரண்டும்தான். அறிவு அதேதான், உடை மட்டும் வேறு.

இது இந்த நாட்டில் புதிய கதையும் அல்ல. 1955-இல் மலாயாவின் முதல் கூட்டரசுத் தேர்தலுக்கு மலாய்க்காரர் கட்சியான அம்னோவின் மகளிர் பிரிவான கவும் இபு வீடு வீடாகப் போய் ஆள் திரட்டியது. 52 இடங்களில் 51-ஐ அம்னோ இருந்த கூட்டணி வென்றது. வென்றவர்களில் பெண் ஒருவர் மட்டுமே, ஹலிமாத்தோன் அப்துல் மஜித். பெண்களுக்குக் கூடுதல் இடம் கேட்டு நின்ற கவும் இபு தலைவி கதீஜா சிடேக், 1956-இல் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார்.

அமெரிக்காவில் பெல் மாஸ்கோவிட்ஸ் என்று ஒரு பெண் இருந்தார். 1920-களில் நியூயார்க் ஆளுநராக இருந்த ஆல் ஸ்மித்தின் மூளை என்றே அவரைச் சொல்வார்கள். ஆலோசனைக் கூட்டங்களில் அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருப்பாராம். ஆண்கள் பேசி ஓய்ந்ததும் ஸ்மித் அவர் பக்கம் திரும்பி அபிப்பிராயம் கேட்பாராம். இதை எல்லோரும் ரசித்துச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கம்பளியைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. அவ்வளவு தெரிந்த ஒருவர், கையில் ஊசியோடு, கேட்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? 1928-இல் ஸ்மித் அதிபர் தேர்தலில் தோற்றார். அடுத்து ஆளுநரான ரூஸ்வெல்ட் மாஸ்கோவிட்ஸை வைத்துக்கொள்ளவில்லை. கேட்கும் ஒருவர் போனதும் அந்த மூலையும் போய்விட்டது.

2024 நவம்பரில் டிரம்ப் வெற்றி உரையில், தம் பிரசாரத்தை நடத்திய சூசி வைல்ஸ் பின்னால் இருப்பதையே விரும்புவார் என்றார்; மைக்கைக் கொடுத்தபோதும் அவர் பேசவில்லை. எங்கள் வட்டாரத்தில் ஒரு பெரியவர் அந்தக் காணொளியை எனக்கு அனுப்பி, “பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும்” என்று எழுதியிருந்தார். மறுநாளே அந்த அம்மையார் வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரியாக அறிவிக்கப்பட்டார், அந்தப் பதவிக்கு வரும் முதல் பெண்ணாக. அந்தச் செய்தியை நான் அவருக்கு அனுப்பினேன். நீல நிறத்தில் இரண்டு டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

பின்னால் இருப்பது எனக்கும் பிடிக்கும். மேடையில் மாலை வாங்கிக்கொள்ளும் ஆசை என்றும் இருந்ததில்லை. எங்கள் குழுவில் கணவர் அரசாங்க வேலையில் இருப்பதால் பெயரே வெளியே வரக் கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மறைவு ஒரு பாதுகாப்பு. எனக்கு வேண்டியது வேறு. பணத்தைப் பிரிக்கிற கூட்டத்தில் ஒரு நாற்காலி, வேட்பாளரிடம் “அங்கே போகாதீர்கள்” என்று நேரடியாகச் சொல்லும் உரிமை, பிறகு சம்பளம்.

சம்பளம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றங்கள் சட்டம் ஒரு நாடாளுமன்ற வேட்பாளருக்கு 2 லட்சம் வெள்ளி (ரிங்கிட்), சட்டமன்ற வேட்பாளருக்கு 1 லட்சம் வெள்ளி என்று செலவுக்கு வரம்பு வைத்திருக்கிறது. தேர்தல் முடிந்தபின் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு முறை அந்தக் கணக்கைத் தயாரித்தவளும் நான்தான். அச்சுக்கூலி, மேடை வாடகை, ஒலிபெருக்கி, பெட்ரோல், கோலாலம்பூரிலிருந்து வந்து மூன்று கூட்டங்களில் பேசிவிட்டுப் போன ஆலோசகரின் கட்டணம், அவருடைய ஹோட்டல் பில் எல்லாம் வரி வரியாக இருந்தன. பெண்கள் குழுவுக்கு ஒரே ஒரு வரி: “சிற்றுண்டி.” அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன், ரசீது சரியாக இருந்தது.

அதன் பிறகு யார் கூப்பிட்டாலும் நியமனக் கடிதம் கேட்கிறேன். சமீபத்தில் ஒரு பழைய நண்பர் அடுத்த தேர்தலுக்காக அழைத்தார்.

“நமக்குள் எதற்குக் கடிதம், தங்கச்சி?”

“செலவுக் கணக்கில் எழுத வேண்டுமே, அண்ணே.”

மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவருக்கு முன்பே வேறொரு தரப்பு அணுகியிருந்தது. அவர்கள் கடிதத்தின் மாதிரியை அனுப்பி, பதவிப் பெயரை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்றார்கள். ‘தொகுதி வியூகப் பொறுப்பாளர்’ என்று நிரப்பி, அந்தத் தாமான் அக்காவின் பெயரையும் துணைப் பொறுப்பாளராகச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். தொகையைப் பற்றித்தான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.