தண்ணி குடி தம்பி

என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் அக்கா பையனைப் பார்த்துச் சொல்கிற முதல் வார்த்தை இதுதான். அவன் தொண்டையில் 'ஹுக்' என்று ஒரு சத்தம் வரும், கூடவே தலை இடது பக்கம் ஒரு வெட்டு வெட்டும். விக்கல் என்று நினைத்துக்கொள்வார்கள். கும்பகோணத்துக்காரர்கள் இரக்கப்பட்டவர்கள், சிலர் பையிலிருக்கும் பாட்டிலையே எடுத்து நீட்டிவிடுவார்கள். அவனும் மரியாதைக்கு ஒரு வாய் குடித்து வைப்பான். சனிக்கிழமைகளில் அவன் வயிற்றில் போகிற தண்ணீருக்குக் கணக்கே கிடையாது.

அவனுக்கு 13 வயது. பெயரைப் போடாதே மாமா என்று சொல்லியிருக்கிறான். வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே இங்கேயும் மாப்பிள்ளை என்று வைத்துக்கொள்கிறேன். அவனும் நானும் சேர்ந்து பார்த்த ஒரு படத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன், அதற்கு முன்னால் அவன் கதை.

6 வயதில் கண் சிமிட்டலில் ஆரம்பித்தது. கண் டாக்டர் பவர் எதுவும் இல்லை என்றார். டிவியை நிறுத்தினோம். சிமிட்டல் போனது, மூக்கை உறிஞ்சுவது வந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் அலர்ஜிக்கு சிரப் எழுதினார். உறிஞ்சல் போனது, தோளைக் குலுக்குவது வந்தது. அம்மா கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினாள். இதில் வேடிக்கை என்னவென்றால் நாங்கள் செய்த எல்லாமே பலித்த மாதிரிதான் இருந்தது. ஒவ்வொன்றும் சில வாரத்தில் தானாகவே போய், வேறு வேஷம் கட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு நரம்பு டாக்டர்தான் மொத்தக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். உடம்பிலும் வெட்டு இருக்கிறது, சத்தமும் இருக்கிறது, ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இது டூரெட் சிண்ட்ரோம் என்றார். அம்மா காதில் அது 'டூரிஸ்ட்' என்று விழுந்தது.

"அப்போ வந்துட்டுப் போயிடுமா டாக்டர்?"

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் தப்பு என்று சொல்லவில்லை. கூடும், குறையும், இடம் மாறும், 10, 12 வயதில் உச்சத்துக்குப் போகும், வளர வளர நிறையப் பேருக்கு அடங்கும், சிலருக்குக் கூடவே இருக்கும் என்றார். 1885இல் இதைப் பற்றி எழுதிய ஜில் டி லா டூரெட் என்கிற பிரெஞ்சு டாக்டரின் பெயராம் அது. மாப்பிள்ளைக்கு இதில் ஒரு குறை உண்டு. "வியாதி எனக்கு, பேரு மட்டும் அவருக்கா?"

சரி, படத்துக்கு வருகிறேன். 'ஃப்ரண்ட் ஆஃப் தி கிளாஸ்', 2008 டிசம்பரில் அமெரிக்காவில் சிபிஎஸ் டிவியில் வந்தது. பிராட் கோஹன் என்கிற நிஜ ஆசிரியரின் கதை. சின்ன வயதிலிருந்து டூரெட்டோடு வளர்ந்தவர், தன் கதையைப் புத்தகமாக எழுதினார், அதை வைத்து எடுத்தார்கள். பெரிய பிராடாக நடித்தவர் ஜேம்ஸ் வோல்க். 2018இல் ராணி முகர்ஜி நடித்த 'ஹிச்கி'க்கும் இந்தக் கதைதான் மூலம். ஹிச்கி என்றால் இந்தியில் விக்கல். தலைப்பைக் கேட்டதும் மாப்பிள்ளை, "அந்த ஊர்லயும் தண்ணிதான் குடுப்பாங்க போல" என்றான்.

அக்கா ஹிச்கியைப் பார்த்து இரண்டு கைக்குட்டை நனைத்தவள். எனக்கு மூலப் படம்தான் பிடித்தது. ஹிச்கி கொஞ்ச நேரத்திலேயே சேரிப் பிள்ளைகள் பாஸ் பண்ணுகிற கதையாகிவிடுகிறது, டீச்சரின் சத்தம் ஓரத்துக்குப் போய்விடுகிறது. இதில் அந்தச் சத்தம் கடைசி வரை நம் காதை விட்டுப் போவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லேப்டாப்பில் போட்டோம். பத்து நிமிஷத்தில் தப்புப் பண்ணிவிட்டோமோ என்று ஆகிவிட்டது. இப்படித் தானாக வருகிற வெட்டுக்கும் சத்தத்துக்கும் டிக் என்று பெயர். டிக் பற்றிப் பேசினாலே டிக் கூடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். திரையில் பிராட் குரைக்கிற மாதிரி ஒரு சத்தம் போட, பக்கத்தில் இவன் 'ஹுக்' என்றான். அவன் கழுத்தை வெட்ட, இவனும் வெட்டினான். நிறுத்திடலாமா என்றேன். "ஏன்? எசப்பாட்டு நல்லாத்தானே இருக்கு" என்றான்.

பிராடின் அம்மா நூலகத்தில் மருத்துவப் புத்தகங்களைப் புரட்டி வியாதியின் பெயரைத் தானே கண்டுபிடிக்கிறாள். கயிறு கட்டிய அத்தனை நாளும் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் ஒரு வகுப்பறைக் காட்சி. சத்தம் போட்டதற்காக டீச்சர் பையனை முன்னால் நிற்க வைத்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேள், இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொல் என்கிறார். அவனும் சொல்கிறான். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சத்தம் வந்துவிடுகிறது. மாப்பிள்ளை அப்போது திரையைப் பார்க்கவில்லை. டேபிளில் கிடந்த ஸ்பைரல் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அந்த டீச்சர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன வருஷம் அப்பா திதி நினைவுக்கு வந்துவிட்டது.

கூடத்தில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் தர்ப்பையோடு உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை எனக்குப் பின்னால். வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் இருந்தான், ஆனாலும் 'ஹுக்'. ஐயர் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா திரும்பிப் பார்த்தார். மறுபடி 'ஹுக்'. "கொஞ்ச நேரம் அடக்கிக்கக் கூடாதாடா? மேல போய் இரு" என்றேன். நான் சொன்னதுதான். எழுந்து போனான்.

பிண்டத்தை முடித்துவிட்டு காக்காய்க்குச் சோறு வைக்க வாழை இலையோடு மொட்டை மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழே ஒரு மணி நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மொத்தமாக வந்துகொண்டிருந்தது. ஹுக், ஹுக், ஹுக், கழுத்து வெட்டி வெட்டி வலியில் கண்ணில் தண்ணீர். நான் கைப்பிடிச் சுவரில் சோற்றை வைத்தேன். காக்காய் பக்கத்து வீட்டு ஆன்டெனாவை விட்டு இறங்கவே இல்லை. "என்னாலதானா மாமா?" என்று கேட்டான். இல்லடா என்றேன். கொஞ்சம் லேட்டாகத்தான் சொன்னேன்.

அவன் அடக்கவில்லை என்று நான் எரிந்து விழுந்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரமும் அவன் அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். எங்களுக்குக் கேட்டது மிச்சம் வழிந்தது.

படத்தில் எல்லோரும் சொல்கிற காட்சி அந்தப் பள்ளிக்கூடக் கச்சேரி. வகுப்பிலிருந்து அனுப்பப்பட்ட பிராடைப் புதுத் தலைமை ஆசிரியர் திட்டுவதில்லை, கச்சேரிக்கு வா என்கிறார். பையன் உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டே கேட்கிறான், பள்ளிக்கூடமே திரும்பித் திரும்பி முறைக்கிறது. கச்சேரி முடிந்ததும் அவனை மேடைக்குக் கூப்பிடுகிறார். பழைய டீச்சர் காட்சிதான் இன்னும் பெரிய கூட்டத்துக்கு முன்னால் நடக்கப்போகிறது என்று நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவர் கேட்கிறார்: இந்தச் சத்தம் போடுவது உனக்குப் பிடிக்குமா? இல்லை. பிறகு ஏன் போடுகிறாய்? எனக்கு டூரெட் இருக்கிறது, மூளையிலிருந்து வருகிறது. அடக்க முடியுமா? முடியாது. குணமாகுமா? மருந்து இல்லை; மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் இன்னும் கூடும். நாங்கள் என்ன செய்ய வேண்டும்? எல்லோரையும் போல என்னையும் நடத்தினால் போதும். அவ்வளவுதான் காட்சி. அப்புறம் கைதட்டல்.

ஆறேழு கேள்வி. மாப்பிள்ளை மறுபடி போடச் சொன்னான். மூன்றாவது தடவை ஓடும்போது நிறுத்திவிட்டு, "அந்த ஹெச்.எம் கேக்குறாருல்ல" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "என்கிட்ட யாரும் கேட்டதே இல்ல."

யோசித்துப் பார்த்தேன். கண் டாக்டரிலிருந்து மந்திரிக்கிறவர் வரை எல்லோரும் அக்காவிடம்தான் கேட்டார்கள்.

எப்படிடா வரும், என்று கேட்டேன். ஏழு வருஷம் கழித்து. தும்மல் வருவதற்கு முன்னால் மூக்கு சொல்லுமில்லையா, அந்த மாதிரித் தொண்டை சொல்லுமாம். விட்டால் நிம்மதி, ஒரு நிமிஷத்துக்கு. பிடித்து வைத்தால் அதைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஓடாதாம். கணக்குப் பீரியடில் சத்தம் வராமல் உட்கார்ந்திருந்த நாளில் கணக்கும் ஏறாதாம். கடைக்கு வர ஏன் இவ்வளவு ஆசை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மெஷின் ஓடும்போது இவன் சத்தம் யாருக்கும் கேட்காது. இன்னொன்று நானே கவனித்திருக்கிறேன்: ஸ்பைரல் போடும்போது, ஒவ்வொரு ஓட்டையாகச் சுருளை ஏற்றிக்கொண்டு போகையில், 200 பக்கம் முடியும் வரை ஒரு 'ஹுக்' வராது. கடைசியில் முனையை மடக்கிக் கீழே வைத்ததும் வரும்.

மீதிப் படம் பிராட் வேலை தேடுவது. 24 பள்ளிக்கூடங்கள் வேண்டாம் என்கின்றன, ஜார்ஜியாவில் 25ஆவது பள்ளி சேர்த்துக்கொள்கிறது. காதல், அப்பாவோடு மனஸ்தாபம், நல்லாசிரியர் விருது எல்லாம் உண்டு. டிவி படத்துக்கே உரிய சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், இசை வேறு எங்கே அழ வேண்டும் என்று தோளைத் தட்டிச் சொல்கிறது. நான் அழுதேன், அது வேறு விஷயம். டூரெட்டில் கெட்ட வார்த்தை தானாக வாயில் வருகிற வகையும் இருக்கிறது, பத்தில் ஒருவருக்கு மாதிரி. ஸ்காட்லாந்தின் ஜான் டேவிட்சன் வாழ்க்கையை வைத்து 2025இல் வந்த 'ஐ ஸ்வேர்' படம் அதைப் பற்றியதுதான். அதை அக்கா இல்லாத நேரம் பார்த்துப் போடுவதாக ஒப்பந்தம்.

போன சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். மாப்பிள்ளை மெஷின் பக்கம். பட்டா நகலோடு வந்த ஒரு பெரியவர், அவன் கழுத்து வெட்டியதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, விக்கலா? தண்ணி குடி" என்றார். நான் வழக்கம்போலச் சிரித்து மழுப்ப வாயைத் திறந்தேன்.

"விக்கல் இல்ல தாத்தா, டூரெட். அது பாட்டுக்கு வரும்" என்றான் அவன். "எத்தனை காப்பி?"

பெரியவர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். "வலிக்குமா?"

"கழுத்து மட்டும். ராத்திரியில."

"ம்" என்றவர், காகிதத்தை நீட்டினார். "மூணு போடு. பின்பக்கமும் சேர்த்து."