ஒரு போல்ட்டுக்கு பாரிமுனை வரைக்கும்
60கள்ல வந்த லட்விக் கம்பெனியோட அக்ரோலைட் ஸ்னேர் டிரம் ஒண்ணு கைக்கு வந்துச்சு, அலுமினிய ஷெல், 14க்கு 5 இன்ச், எட்டு லக் (ராடு மாட்ட ஷெல்லுல இருக்குற பிடி), சவுண்டு தங்கம். ஆனா தோல இறுக்குற டென்ஷன் ராடு ரெண்ட காணோம், இன்னொரு இடத்துல எந்த புண்ணியவானோ எம்6 (6 மில்லி) போல்ட்ட முறுக்கி ஏத்தி லக்குக்குள்ள இருக்குற நட்டோட மரையையே மழிச்சு வச்சிருக்கான்.

பாரிமுனைல நாலு போல்ட் கடை ஏறி இறங்குனேன், எம்5 போட்டா லொடலொடன்னு ஆடுது எம்6 உள்ளயே போகல, கடைசில ஒரு கடைக்கார அண்ணன் மரை அளக்குற பிட்ச் கேஜ் வச்சு பாத்துட்டு "தம்பி இது இன்ச் மரை, இங்க தேடாத"ன்னுட்டாரு. 12-24 மரை, இஞ்சுக்கு 24 சுத்து, தடிமன் 5.5 மில்லி கிட்ட. நல்லவேளை இப்ப வர்ற டிரம்ஸ்லயும் பெரும்பாலும் அதே மரைதான், ஒரு ஓட்ட டாம் டிரம்ல இருந்து ராடு நட்டு ரெண்டும் கழட்டிட்டேன். லக்குக்குள்ள ஸ்பிரிங் கிர்ர்ன்னுச்சு, பஞ்சு வச்சு அமுக்கியாச்சு.

பாக்கி ஸ்ட்ரெய்னர்தான், அடியில இருக்குற ஸ்னேர் கம்பிய லீவரால இறுக்குற பாகம். பழைய லட்விக் பி-83 மாடல் வேணும், புதுசு மாட்ட ஷெல்லுல ஓட்ட போட மனசு வரல. யார்கிட்டயாவது கிடந்தா இன்பாக்ஸ் வாங்கப்பா, லீவர் உடைஞ்சிருந்தாலும் பரவால்ல.