அம்மாவின் எலும்புக்கு மைனஸ் மார்க்

போன மாதம் அம்மாவுக்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதிக்கு நேராக ‘டி ஸ்கோர் -1.8’ என்று இருந்தது. "எலும்பு எப்படிடா மைனஸ்ல போகும்?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான்.

பிளஸ் டூவில் இயல்நிலைப் பரவல் என்று மணி மாதிரி ஒரு படம் போட்டு 68, 95, 99.7 என்று மனப்பாடம் செய்தோமே, அது எனக்கு அன்றைக்குத்தான் உதவியது. -1.8 என்பது எலும்பின் அடர்த்தியே அல்ல. இளம் பெண்களின் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் அளவு சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்பது) தள்ளி நிற்கிறோம் என்ற கணக்கு. இதற்குப் பரவலாகப் பயன்படும் ஒப்பீடு, அமெரிக்காவில் 20 முதல் 29 வயது வெள்ளையினப் பெண்களிடம் எடுத்த அளவு: சராசரி சதுர சென்டிமீட்டருக்கு 0.858 கிராம், திட்ட விலக்கம் 0.120. அம்மாவுக்கு 0.642. கழித்தால் 0.216, அதை 0.120-ஆல் வகுத்தால் 1.8, சராசரிக்குக் கீழே என்பதால் முன்னால் ஒரு மைனஸ், அவ்வளவுதான். (62 வயதில் யாரோ ஒரு அமெரிக்கக் குமரியோடு தன்னை ஒப்பிடுகிறார்களே என்று அம்மா முணுமுணுத்தது தனிக்கதை.)

வெறும் 0.216 குறைவு என்று சொன்னால் அது பெரிசா சின்னதா என்றே தெரியாது. திட்ட விலக்கம் 0.300 ஆக இருந்திருந்தால் அதே குறைவை யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் போட்ட கோடுகளின்படி -1க்குக் கீழே போனால் அடர்த்தி குறைவு, -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை, அதாவது எலும்பு எளிதில் முறியும் நோய். சராசரியின் இரு பக்கமும் ஒரு விலக்கத்துக்குள் 68 சதவீதம் என்றால் மிச்சம் 32, அதில் பாதி, அதாவது 16 சதவீதம், கீழ்ப்பக்கம். ஆக, ஆரோக்கியமான இளம் பெண்களிலேயே நூற்றுக்குப் பதினாறு பேர் -1க்குக் கீழேதான் இருப்பார்கள்! மாதவிடாய் நின்றவர்களுக்காகப் போட்ட கோட்டை இந்த இளம் பெண்களிடம் காட்டிப் பயமுறுத்தக் கூடாது. -2.5 சங்கதி வேறு, அதற்குக் கீழே ஆயிரத்துக்கு ஆறு பேர்தான்.

அதே தாளில் இசட் ஸ்கோர் -0.5 என்றும் இருந்தது. அது சம வயதுக்காரர்களோடு ஒப்பிட்டது, அந்தக் கணக்கில் நூற்றுக்கு 31 பேர் அம்மாவுக்கும் கீழே. அம்மாவுக்கு இந்த எண் ரொம்பப் பிடித்துவிட்டது. சாயங்காலம் சித்தியிடம் ஃபோனில், "என்னைவிட மோசமா 31 பேர் இருக்காங்களாம்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.