காலை மாத்திரையும் ராத்திரிப் பசியும்

ஜூன் 20
கோவையில் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டுச் சோமனூர் திரும்ப இருட்டிவிட்டது. மகனுக்கு ஏடிஎச்டிதானாம், அதாவது கவனம் நிற்காமல் ஓயாமல் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு. வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேலாக இப்படியே இருக்கிறானா என்று துருவித் துருவிக் கேட்டார். குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்ததுண்டா என்றும் கேட்டார். எனக்குக் கை சில்லிட்டது. மாத்திரை தரும் முன் இதயத்தில் கோளாறு ஏதும் உண்டா என்று தெரிந்துகொள்ளக் கேட்பதாம். நாடி, ரத்த அழுத்தம், எடை 22 கிலோ, எல்லாம் குறித்துக்கொண்டு கவனம் நிற்பதற்கான மாத்திரை, மீத்தைல்பெனிடேட் 5 மில்லிகிராம் எழுதினார். காலையும் மதியமும்.

ஜூன் 21
மூன்று மருந்துக்கடையில் இல்லை. நாலாவது கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்து, வேறென்ன செய்வார்!

"மந்திரிச்சுக் கயிறு கட்டுனா செரியாப் போயிருமே அம்மிணி" என்றார் மாமியார். சரி, கயிறும் கட்டியாயிற்று.

ஜூன் 30
வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டானாம். டீச்சரே போன் செய்தார். ஆனால் சோற்று டப்பா அப்படியே திரும்பி வருகிறது. மருந்து நாலு மணி நேரம்தான் தாங்கும். சாயங்காலம் அது இறங்கும்போது ஒரே எரிச்சல், அழுகை. அப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்கு அரிசிம்பருப்புச் சாதம் இரண்டு தட்டு. தூக்கம் பதினொன்றுக்கு.

"மாத்திரை போட்டா எப்படிடா சாமி இருக்குது?"

"நம்ம தறி நின்ன மாதிரிம்மா."

ஜூலை 19
இப்போது அமைதியாக உட்கார்ந்துதான் எழுதுகிறான். இருந்தும் 'தண்ணீர்' 'தணீர்' ஆகிறது, வரிக்கு ஒரு எழுத்து காணாமல் போகிறது. இத்தனை நாள் அவசரத்தில் விடுகிறான் என்று முதுகில் அடி வைத்திருக்கிறேனே! பரிசோதித்ததில் கற்றல் குறைபாடு. ஏடிஎச்டியோடு இதுவும், பதற்றமும், எதற்கெடுத்தாலும் எதிர்த்து நிற்பதும் சேர்ந்து வருவது சகஜமாம். படிப்புக்கு மாத்திரை கிடையாது, தனிப் பயிற்சிதான். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்தில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஎச்டி தனியாக இல்லை. எந்தச் சான்றிதழுக்கு அலைவது என்பதாவது தெரிந்தது.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்குக்குப் பவானி கூடுதுறை. அவன் கையை விடாமல் பிடித்திருந்தேன், பழக்கதோஷம். நேற்று எடை பார்த்ததில் 400 கிராம் குறைவு. மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையக் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். நாளைக்கு ஐந்து மணிக்கே எழுந்து சந்தகை பிழிய வேண்டும்.