காஷ்மீர் ஏரிகள்: ஆகஸ்ட் திட்டம்

ஆகஸ்ட் கடைசியில் காஷ்மீர் கிரேட் லேக்ஸ் மலையேற்றத்துக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. சோனாமர்க்கில் ஏறி நாராநாகில் இறங்க வேண்டும். ஏறக்குறைய 70 கிலோமீட்டர். நடுவில் விஷன்சர், கிஷன்சர், கட்சர், சத்சர், கங்காபல் என்று வரிசையாக ஏரிகள். எதற்கும் சாலை கிடையாது. கால் பிசகினால் குதிரைதான் ஆம்புலன்ஸ்.

எனக்குப் பயம் கட்சர் கணவாய்தான். சுமார் 4,200 மீட்டர். கிஷன்சர் ஏரியை ஒட்டியே செங்குத்தாக ஏறுகிறது பாதை. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் தலைவலியோடு வாந்தியும் வந்தால் வீராப்பு காட்டாமல் கீழே இறங்கிவிட வேண்டும். குழுவில் எல்லோரிடமும் இதை இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். "மாத்திரை போட்டுக்கலாம்ல" என்கிறான் ஒருவன். டாக்டரைக் கேட்காமல் எதுவும் கிடையாது தம்பி.

தினமும் பத்துக் கிலோ பையோடு அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்குகிறேன். வாட்ச்மேன் அண்ணன் "லிஃப்ட் ரிப்பேரா சார்?" என்று கேட்டுவிட்டார். ஏறுவதைவிட இறங்கிப் பழகுவதுதான் முக்கியம். கடைசி நாள் நாராநாக் இறக்கம் முட்டியைப் பதம் பார்க்கும்.

அடையாள அட்டை கட்டாயம், வழியில் ராணுவச் சோதனை உண்டு. வெளிமாநில பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுக்கும் மலைக்குள் சிக்னலை நம்ப முடியாது.

போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: சத்சர் பாறைக்குவியல் மழையில் ரொம்ப வழுக்குமா? புது பூட்ஸ் வாங்கலாமா, பழசே போதுமா?