நனைந்த போனின் பட்டன்கள்

தண்ணீரில் விழுந்த பட்டன் போனைத் தயவுசெய்து அரிசிக்குள் புதைக்காதீர்கள்! உள்ளே தேங்கிய ஈரத்தை அரிசி இழுத்துவிடாது, தூசிதான் சேரும். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். தண்ணீரில் கரைந்த உப்புகளும் மின்சாரமும் சேர்ந்தால் உள்ளேயுள்ள செம்பை வேகமாக அரிக்கின்றன.

அக்காவின் போனில் 5 வேலை செய்யவில்லை, 9 மந்தமாக இருந்தது. ரப்பரை விலக்கி, கீழே ஒட்டியிருந்த மெல்லிய படலத்தை உரித்தேன். குமிழ் வடிவ உலோகத் தகட்டின் அடியில் பச்சை படிந்திருந்தது. சீக்கிரம் ஆவியாகும் சுத்திகரிப்புத் திரவமான 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷை நனைத்து, சர்க்யூட் பலகையில் தகடு தொடும் பொன்னிற வளையம் தெரியும்வரை மெல்லத் தேய்த்தேன். அழுத்தினால் முலாம் போய்விடும். அவசரப்பட்டு ஹேர் டிரையரைக் காட்டவும் வேண்டாம், சூட்டில் பசை இளகும்.

காய்ந்தபின் படலத்தை ஒட்டி அழுத்தினேன். ‘டக்’! என்ன இனிமையான சத்தம்! 9 மட்டும் இன்னும் மந்தமாக இருக்கிறது; அதன் தகட்டை மாற்றித்தான் ஆகவேண்டும்.