காஞ்சனபுரியில் ஏப்ரல் 25

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வருகிற ஆளுக்கு பாங்காக் பழக அதிக நாள் பிடிக்காது. ஊர்க் கூட்டத்தைத் தாண்டி வண்டியை விட்டால் வாய்க்கால், மதகு, நாற்றங்கால், வரப்பில் கொக்கு என்று எல்லாம் நம்மூர்தான். கணவருக்கு அரிசி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. நெல்லைக் கடித்துப் பார்த்தே ஈரப்பதம் சொல்கிற குடும்பத்தில் பிறந்தவருக்கு அதுவும் புதிதில்லை. கறிவேப்பிலைக்கு பாஹுரத் கடைத்தெரு, வெள்ளிக்கிழமைக்கு சீலோம் மாரியம்மன் கோயில். நம் சித்திரை முதல் தேதியை ஒட்டியே அவர்களுக்கும் வருஷப் பிறப்பு. 90 நாளுக்கு ஒரு தடவை குடிநுழைவுத் துறைக்கு, இன்னும் இதே விலாசத்தில்தான் இருக்கிறேன் என்று தெரிவிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் இன்றுவரை எனக்கு எரிச்சல்.

ஒரு சித்திரையில் அப்பா வந்திருந்தார். மேட்டூர் திறக்க ஜூன் ஆகும், அதுவரை வயலில் என்ன வேலை, பேரனோடு இருக்கலாம் என்று கிளம்பி வந்தவர். எங்கள் குடியிருப்பின் மேல்தளத்தில் ஓர் ஆஸ்திரேலிய அம்மா இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். ஒருநாள் மாலை காப்பி குடிக்க வந்தவர், 25-ஆம் தேதி காஞ்சனபுரிக்குப் போக வேண்டும், இந்த வருஷம் தனியாக வண்டி ஓட்டத் தைரியம் வரவில்லை, நீங்கள் வர முடியுமா என்று கேட்டார். அவருடைய அப்பா போர்க்கைதியாக அங்கே ரயில்பாதை போட்டவராம்.

அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்த ரயில்பாதை? சயாம் ரயிலா?"

"ஆமாம்ப்பா."

"நானும் வர்றேன்னு சொல்லு."

எங்கள் வீட்டில் சயாம் என்றால் தாய்லாந்து இல்லை, அந்த ரயில்தான். அப்பாவின் பெரியப்பா 1937-இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். கங்காணி ஊருக்குள் வந்து ஆள் சேர்த்துக்கொண்டு போன காலம். அடுத்த வருஷமே இந்திய அரசாங்கம் அப்படித் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருந்தால் தப்பியிருப்பார் என்று தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். மணியார்டர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான், 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது, கப்பலும் நின்றது, கடிதாசியும் நின்றது. சண்டையெல்லாம் ஓய்ந்து 1946-இல் திரும்பி வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர்தான், தோட்டத்து ஆட்களை ரயிலில் ஏற்றி வடக்கே கொண்டுபோனார்கள், அதில் இவரும் இருந்தார் என்று சொன்னார். அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை.

பெரிய அப்பாயி தாலியைக் கழற்றவில்லை. ஆடி அமாவாசைக்கு முன்னோர்களுக்குப் படையல் போடும்போது அவர் பெயரில் இலை போட விடமாட்டார். "செத்துப்போனார்னு உன்கிட்ட எவன் வந்து சொன்னான்?" என்பார், சொல்லுகிறவர் வாய் அடைத்துப்போகும். என் அண்ணனுக்கு அந்தத் தாத்தா பெயரைத்தான் வைத்தார்கள். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாதே, அதனால் அண்ணனை அவர் கடைசிவரை 'பெரியவனே' என்றுதான் கூப்பிட்டார். பூவும் பொட்டுமாகவே போய்ச் சேர்ந்தார்.

ஏப்ரல் 25 ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டுக்கும் பெரிய நாள். 1915-இல் அவர்களுடைய படைகள் துருக்கியின் கலிப்பொலிக் கரையில் இறங்கிய தேதி. அங்கே அரசு விடுமுறை, விடிவதற்கு முன்பே நினைவுத் தூண்களுக்கு முன்னால் கூடுவார்கள். அந்தப் படையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தை வைத்து ஆன்சாக் நாள் என்று பெயர். தாய்லாந்தில் விடுமுறை கிடையாது, ஆனாலும் காஞ்சனபுரி தாண்டி ஹெல்ஃபயர் பாஸ் என்கிற மலைவெட்டில் அந்தக் கூட்டம் நடக்கிறது. அந்த மலைவெட்டில் வேலை செய்து செத்தவர்களில் ஆஸ்திரேலியர்கள் நிறையப் பேர்.

முந்தின நாளே போய்த் தங்கி, நடுநிசி கழிந்ததும் கிளம்பினோம். அப்பா வேட்டி சட்டையில், நெற்றியில் திருநீறோடு வந்தார். குளிரும் என்று சொல்லிக் கொடுத்த கம்பளியைத் தொடவில்லை. மரப்படிகள் கீழே இறங்கிக்கொண்டே போகின்றன, ஓரத்தில் சின்னச் சின்ன விளக்குகள். நூற்றுக்கணக்கான பேர் இறங்குகிறார்கள், செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. நம் ஊரில் ஒரு சாவு வீட்டில்கூட இப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. கீழே இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் ரயில் ஓடிய தடம். ஒரு பிரார்த்தனை, சில பேச்சுகள், மலர்வளையங்கள், அப்புறம் ஒருவர் ஊதுகொம்பு எடுத்து ஊதினார். ஒரு நிமிஷம் மௌனம். மேல்தளத்து அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் அழவில்லை.

வெளுத்த பிறகுதான் பாறை சரியாகத் தெரிந்தது. சுவர் முழுக்க விரல் நுழைகிற அளவுக்கு நீள நீளமான துளைகள். ஒருவன் உளிக்கம்பியைப் பிடித்துத் திருப்ப, இன்னொருவன் சம்மட்டியால் அடிக்க, அந்தத் துளையில் வெடிமருந்தை வைத்துத் தகர்ப்பது, சிதறிய கல்லைக் கூடையில் அள்ளுவது. ராத்திரியில் தீப்பந்தமும் மூங்கில் நெருப்பும் வைத்துக்கொண்டு வேலை நடந்ததால்தான் நரகத்தீ என்று இந்தப் பெயர். உடைந்த உளிக்கம்பி ஒன்று இன்னும் பாறையில் செருகியபடியே இருக்கிறது. அப்பா துளை ஒன்றில் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் கூழாங்கல்லுக்குக்கூடப் பஞ்சம், களிமண்ணும் வண்டலுமாக இருக்கிற பூமி. அங்கே மண்வெட்டி பிடித்துப் பழகிய கையை இங்கே கொண்டுவந்து பாறையில் விட்டிருக்கிறார்கள்.

சடங்கு முடிந்ததும் ரம் ஊற்றின காப்பி கொடுப்பது அவர்கள் வழக்கம். அப்பா ஒன்றை வாங்கிக்கொண்டார், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். தேங்காய்த் துருவலும் ஓட்ஸும் போட்ட பிஸ்கட்டும் உண்டு. அங்கே உட்கார்ந்துதான் அந்த அம்மா தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். ஊர் திரும்பிய பிறகு ரயில்பாதையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம், ஆனால் உயிரோடு இருந்தவரை வீட்டில் அரிசி வாங்க விட்டதில்லையாம். நான் மொழிபெயர்த்ததும் அப்பா, "புழுத்த அரிசியைக் கஞ்சி வச்சுப் போட்டா யாருக்குத்தான் பிடிக்கும்" என்றார். அந்த மனுஷருக்குத் தன் வயல் அரிசியை ஒரு மூட்டை அனுப்பியிருந்தால் மனசு மாறியிருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

பாதை மொத்தம் 415 கிலோமீட்டர், தாய்லாந்திலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை. பர்மாவில் இருந்த படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தாகிப்போனதால் ஜப்பான்காரர்கள் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் முடித்தார்கள். போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், செத்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியக் கூலிகள் ஏறக்குறைய 2 லட்சம் பேர், அவர்களில் 90,000 பேர்வரை செத்திருக்கலாம் என்பது மதிப்பீடு. முதல் எண்ணிக்கைக்குப் பட்டியல் இருக்கிறது. இரண்டாவதற்கு மதிப்பீடு மட்டும்தான். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் எல்லாரும் இருந்தார்கள், மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டங்களில் கூலியும் இல்லை, அரிசியும் இல்லை. நாளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு மலாயா டாலர், சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். அப்புறம் ஆள் போதாமல், இலவச சினிமா என்று கூப்பிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தி ஏற்றிக்கொண்டு போனதும் நடந்தது. குடும்பத்தோடு போனவர்கள் உண்டு. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூலிகளின் முகாம்கள் பலவற்றில் வைத்தியரும் இல்லை, ஒழுங்குபடுத்த அதிகாரியும் இல்லை.

காஞ்சனபுரியில் இருக்கும் போர்க் கல்லறைக்கு அன்று முற்பகலே வந்துவிட்டோம். 6,982 பேர். வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாகப் பலகைகள், ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, வயது. அப்பாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும், எண்ணைப் படித்தார்: 23, 26, 24. வாசல் மண்டபத்தில் பிரியாத இந்தியாவின் ராணுவத்தைச் சேர்ந்த 11 பேரின் பெயர்கள் தனியாக இருக்கின்றன. அவர்கள் முஸ்லிம் சிப்பாய்கள், வேறு இடங்களில் புதைக்கப்பட்டவர்கள்.

"நம்ம ஆளுங்க எங்க?" என்றார் அப்பா.

எனக்கு அந்த வெள்ளைக்காரர் கல்லறைகளைப் பார்த்துக் கோபம் வரவில்லை. முகாமிலேயே செத்தவன் பெயரை எழுதி ஒளித்து வைத்தார்கள், சண்டை முடிந்ததும் பாதை நெடுகத் தேடி எலும்புகளை எடுத்து வந்து பெயரோடு புதைத்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நம்மவர்களைத் தேடிப் போக யாரும் இல்லை. தோட்ட முதலாளிக்குக் கணக்கு முடிந்துவிட்டது, இங்கே டெல்டாவில் அவர்கள் கப்பலுக்குப் போனவர்கள், அவ்வளவுதான்.

குவாய் ஆற்றங்கரையில், அந்த ரயில்பாதையின் பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பானியர்கள் 1944-இல் கட்டின நினைவுத் தூண் ஒன்று இருக்கிறது. பல மொழிகளில் கல்வெட்டு, அதில் தமிழும் ஒன்று. அப்பா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "கொன்னவனே எழுதி வச்சிருக்கான்" என்றார். கொன்றவன் தமிழில் எழுத அத்தனை நாள் ஆகவில்லை. தமிழ் அமைப்புகள் சேர்ந்து ஒரு நடுகல் வைக்க 2023 ஆயிற்று. அது தாவோர்ன் வராராம் என்ற பௌத்தக் கோயில் வளாகத்தில் இருக்கிறது. ஆசியக் கூலிகளின் எலும்புகளை மொத்தமாகப் புதைத்த இடமும் அங்கேதான். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நடுகல் முன்னால் நின்று, பெரியப்பா பெயர், அவர் அப்பா பெயர், ஊர், தாலுகா என்று வரிசையாகச் சத்தமாகச் சொன்னார். மேல்தளத்து அம்மா செத்தவர்கள் நினைவாகத் தன் சட்டையில் குத்தியிருந்த ரோஸ்மேரி இலைக் கொத்தை எடுத்து அப்பா கையில் கொடுத்தார்.

பையன் பள்ளி விடுமுறையில் ஆடிக்கு ஊருக்குப் போனபோது வீட்டில் ஒரே தகராறு. இந்த அமாவாசைக்குப் பெரியப்பாவுக்கு இலை போட்டே ஆக வேண்டும் என்று அப்பா. அத்தை ஒப்பவில்லை. "பெரியம்மா இருந்தவரைக்கும் போட விடல. அவங்க சொல்லை மீறி நான் போடமாட்டேன்." "நான் பார்த்துட்டு வந்துட்டேன்க்கா." "என்னத்தப் பார்த்த? கல்லைப் பார்த்த." இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் அத்தையே வழி கண்டுபிடித்தார்: தனி இலை கிடையாது, பெரியம்மாவுக்குப் போடுகிற இலையைத் தலைவாழையாக அகலமாகப் போட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்துப் பரிமாறுவது. வாழைக்காய், பூசணிக்காய், அகத்திக்கீரை, வடை, பாயசம். ஒரு பக்கம் புடவை, இன்னொரு பக்கம் வேட்டியும் ஒரு கட்டுச் சுருட்டும். காக்கை வந்து வடையை எடுத்த பிறகுதான் அத்தை அப்பாவிடம் பேசினார்.

அதோடு அப்பா விடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போய், கப்பலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். பாதிப் பேருக்குப் பட்டப்பெயர்தான் நினைவில் இருக்கிறது. புருஷனோடு போன பெண்களை 'இன்னார் பெண்டாட்டி' என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு வராமல் இருந்தவர்களும் உண்டு, அவர்களைச் சேர்ப்பதா கூடாதா என்று டீக்கடையில் ஒரு பெரிய சண்டையே நடந்ததாம். அப்பா சேர்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

அடுத்த சித்திரைக்கு நோட்டோடு வருகிறேன் என்கிறார். அத்தையும் வருகிறாராம். பாஸ்போர்ட் எடுக்கப் போனால் பிறந்த தேதிக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். ஆதாரில் ஒரு வருஷம், குடும்ப அட்டையில் இன்னொரு வருஷம். அண்ணன் அலைந்துகொண்டிருக்கிறான்.